மூன்றும் நடக்கணும், இல்லை ஒன்றுமே நடக்கக் கூடாது



பாண்டிச்சேரி பள்ளிக்கூட நாட்களைத் தொடர்ந்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இந்த வாரம் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பற்றி எழுதப் போகிறேன். "எழுபது தாண்டின உமக்கு எதற்குய்யா இந்த வேலை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேருவேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு நண்பர் இருக்கிறார். காலை நடையில் பழக்கம். சிப்காட்டில் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து, ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் இரண்டு சி.என்.சி. மெஷின் வாங்கிப் பட்டறை போட்டவர். ஓசூரில் இந்த மாதிரிப் பட்டறைகள் எத்தனையோ. பெரிய கம்பெனி வார்ப்புகளை அனுப்பும். இவர்கள் கடைந்து, துளை போட்டு, அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். சரக்கு இவர்களுடையது அல்ல, கூலி மட்டும்தான் இவர்களுடையது. ஆகவே எத்தனை பீஸ் வந்தது, எத்தனை போனது, எத்தனை ரிஜெக்ட் ஆனது என்ற கணக்குத்தான் அங்கே உயிர்.

இந்தக் கணக்கு தப்பினால் சும்மா போகாது. ஜி.எஸ்.டி. சட்டத்தில் 143ஆவது பிரிவு இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய அன்றே விற்றுவிட்டதாகக் கருதி அனுப்பியவரிடம் வரி கேட்பார்கள். கம்பெனிக்காரர் பிறகு பட்டறைக்காரரின் கழுத்தைப் பிடிப்பார். போதாததற்கு நம் ஊர் எல்லை ஊர். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரிக்குப் பில் போட்டால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. கூப்பிடு தூரத்தில் இருக்கும் அத்திப்பள்ளிக்குப் பில் போட்டால் அது வெளிமாநிலம், வேறு வரி. பக்கத்து வீடு வெளிநாடு மாதிரி.

நண்பர் பட்டறையில் கணக்குப் பார்க்க ஒரு பெண் வருகிறாள். சூளகிரிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், அத்திப்பள்ளி பார்ட்டி போன் செய்தால் கன்னடம். பி.காம். முடித்தவள். காலை ஏழு மணி பஸ் பிடித்து வந்து, இருட்டின பிறகு வீடு திரும்புகிறவள். யாரோ எழுதிக் கொடுத்த ஒரு சின்ன புரோகிராமில் அவள் பதிவு போடுவாள்.

போன ஐப்பசி முடிந்து சரக்கு எண்ணினார்கள். கம்ப்யூட்டரில் ஒரு வகை வார்ப்பு 1,100 பீஸ் கையிருப்பு என்றிருந்தது. ரேக்கில் எண்ணினால் 860தான். 240 பீஸைக் காணோம்.

காணாமல் போன பொருளுக்கு ஒரு முகம் தேவைப்படும் அல்லவா? முதலில் ஸ்டோர் பையனைக் கேட்டார்கள். அவன் "கம்ப்யூட்டர்ல அக்காதான் போடுறாங்க" என்றான். பிறகு அந்தப் பெண்ணைக் கேட்டார்கள். நண்பர் கெட்டவர் அல்ல, ஆனால் அன்று குரல் உயர்ந்துவிட்டது. அவள் அழுதுகொண்டே "நான் ஒண்ணும் தப்பா போடல சார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். மறுநாள் நடையில் நண்பர் இதைச் சொன்னார். "பழைய இரும்புக் கடையில போட்டா நல்ல காசு சார். யாரை நம்புறது?" என்றார்.

எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகம். எந்த ஊர், எந்தத் துறை என்பதெல்லாம் வேண்டாம். என்னோடு சேர்ந்த ஒரு இளநிலை உதவியாளர் கணக்கில் 340 ரூபாய் குறைந்தது. அன்றைய சம்பளத்தில் அது பெரிய தொகை. மாதம் பிடித்தம் செய்து கட்ட வைத்தார்கள். கட்டியதைவிட, அவரைப் பார்க்கும் பார்வை மாறியதுதான் கொடுமை. அவர் வந்தால் மேஜை டிராயரைப் பூட்டுவார்கள். நானும் பூட்டியிருக்கிறேன். சில மாதம் கழித்துத் தணிக்கையில்தான் தெரிந்தது, பணம் எங்கும் போகவில்லை. ரொக்கப் புத்தகத்தில் ஏறிய ஒரு வரி பேரேட்டில் ஏறவே இல்லை. பதிவு போட்டுக்கொண்டிருந்தவரை அதிகாரி பாதியில் கூப்பிட்டிருக்கிறார். அவர் எழுந்து போய்விட்டு வந்து அடுத்த பக்கத்தில் தொடர்ந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மனிதர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று கேட்கலாம் என்றால் அவர் இல்லை.

அதனால் நண்பரிடம், "அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லாதீங்க, நான் ஒரு நாள் வந்து பார்க்கிறேன்" என்றேன். பேப்பர், பென்சில், மூக்குக்கண்ணாடியோடு போய் உட்கார்ந்தேன். அந்த வார்ப்புக்கு வந்த செலான்களை எல்லாம் கூட்டினேன், 3,000 பீஸ். வெளியே போன டெலிவரி செலான்களையும் ரிஜெக்டையும் கூட்டினேன், 2,140. கழித்தால் 860. ரேக்கில் இருந்ததும் 860. பீஸ் ஒன்றும் காணாமல் போகவில்லை. கம்ப்யூட்டர் காட்டிய 1,100தான் பொய்.

அப்புறம் 240 என்ற எண்ணை மட்டும் செலான்களில் தேடினேன். சரியாக 240 பீஸுக்கு ஒரு டி.சி. இருந்தது. தேதியைப் பார்த்ததும் அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். "அன்னைக்குத்தான் சார் மழையில கரண்ட் போச்சு. யு.பி.எஸ்.ஸும் பீப் பீப்னு கத்திட்டு அணைஞ்சிடுச்சு."

நடந்தது இதுதான். சரக்கு வெளியே போகும்போது புரோகிராம் மூன்று வேலை செய்கிறது. முதலில் டெலிவரி செலானைப் பதிகிறது. இரண்டாவதாகப் பார்ட்டி கணக்கில் கூலியை ஏற்றுகிறது. மூன்றாவதாகக் கையிருப்பிலிருந்து கழிக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு தனி ஃபைல். அன்று முதல் இரண்டும் முடிந்தன, மூன்றாவதுக்குள் மின்சாரம் போய்விட்டது. கரண்ட் வந்ததும் அவள் செலான் பட்டியலைப் பார்த்தாள். செலான் இருந்தது. சரி, பதிவாகிவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போனாள். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

நண்பர் அந்தப் பெண்ணிடம் நேராகவே, "தப்பா பேசிட்டேன்மா, மனசுல வெச்சுக்காதே" என்றார். எனக்கு இல்லாத துணிச்சல் அவருக்கு இருந்தது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். நண்பரின் மகன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. சனி ஞாயிறு வீட்டுக்கு வருவான். "அங்கிள், நானே புதுசா எழுதித் தர்றேன்" என்றான். பேச்சு எந்த டேட்டாபேஸ் என்பதில் வந்து நின்றது. ஆளுக்கொரு யோசனை. நண்பர், "எக்செல் போதாதா?" என்றார். மகன், "பெரிய சர்வர் டேட்டாபேஸ் போடலாம், போஸ்ட்கிரெஸ் நல்லது" என்றான். அவன் சிநேகிதன், "எல்லாத்தையும் கிளவுடில் வை" என்றான். கணக்கு எழுதியே வயது போன ஆள் என்ற ஒரே தகுதியில் நானும் வாயைத் திறந்தேன். ஒரு மாதம் படித்தேன், அந்தப் பையனைக் கேள்வி கேட்டே துளைத்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரே கம்ப்யூட்டரில் ஓடும் சின்ன புரோகிராமுக்கு, அதற்குள்ளேயே அடங்கியிருக்கிற, பரிவர்த்தனையை முழுதாகக் காக்கத் தெரிந்த ஒரு டேட்டாபேஸ்தான் வேண்டும். அதில் எஸ்க்யூலைட் போதும்.

பரிவர்த்தனை என்றால் என்ன? கம்ப்யூட்டர்காரர்கள் டிரான்சாக்‌ஷன் என்கிறார்கள். நாம் சொன்ன மூன்று வேலையையும் ஒரே கட்டாகக் கட்டுவது. மூன்றும் நடக்கணும், இல்லை ஒன்றுமே நடக்கக் கூடாது. இரண்டு நடந்து ஒன்று விட்டுப் போகும் நிலை எப்போதும் வரக் கூடாது. இந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே என்ற அமெரிக்கர். 1981ல் அவர் எழுதிய கட்டுரையில், இது கம்ப்யூட்டருக்காகப் பிறந்ததல்ல, ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்கிறார். 1998ல் கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த ட்யூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரியில், தாயாரின் அஸ்தியைக் கரைக்கத் தனியாகப் படகில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. உலகத்தின் கணக்குகள் தொலையாமல் இருக்க வழி சொன்னவருக்கு இப்படி ஒரு முடிவு.

இதில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் என்ஜினீயரிங் படித்து, 1977ல் அமெரிக்கா போனவர். ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது, இடையில் மெஷின் செத்துப்போனால் டேட்டாபேஸ் எப்படித் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற முறையைத் தன் குழுவோடு வகுத்தார். ஏரிஸ் என்று அதற்குப் பெயர். 1992ல் வெளியான அந்தக் கட்டுரையை இன்றும் கல்லூரிகளில் பாடமாக வைக்கிறார்கள். பெரிய டேட்டாபேஸ்கள் பல அந்த வழியில்தான் எழுந்து நிற்கின்றன. அதன் சாரம் இதுதான்: எதையும் மாற்றுவதற்கு முன், என்ன மாற்றப் போகிறாய் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடு. குறிப்பு பத்திரமான பிறகு பேரேட்டில் கைவை.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டேன் பாருங்கள்.

பாண்டிச்சேரியில் எங்களுக்கு எல்லாமே பிரெஞ்சில்தான். கணக்குப்பதிவு சொல்லித்தந்த வாத்தியார் மூன்று புத்தகங்களின் பெயரை மனப்பாடம் செய்ய வைத்தார். முதலாவது ப்ரூயார். நடந்தது நடந்தபடி உடனுக்குடன் கிறுக்கும் புத்தகம். பனிமூட்டத்துக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். இரண்டாவது ழுர்னால், தேதிவாரியான குறிப்பேடு. மூன்றாவது கிராந் லிவ்ர், நம் பேரேடு. 1807ல் நெப்போலியன் காலத்தில் வந்த பிரெஞ்சு வணிகச் சட்டம் இந்த ழுர்னாலை எப்படி எழுத வேண்டும் என்று கட்டளையே போட்டது. தேதி வரிசையில் எழுத வேண்டும், நடுவில் வெற்றிடம் விடக் கூடாது, ஓரத்தில் எதையும் செருகக் கூடாது, பக்கங்களுக்கு எண் போட்டுச் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். வியாபாரி நொடித்துப் போனால் நீதிமன்றம் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். நம் செட்டிநாட்டு வட்டிக்கடையிலும் குறிப்பில் எழுதிப் பேரேட்டில் ஏற்றி ஐந்தொகை எடுப்பதுதானே வழக்கம்? பிற்பாடு அரசு அலுவலகத்துக்கு வந்தபோதும் அதே பாடம். அழிக்காதே, சுரண்டாதே, சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுச் சுருக்கொப்பம் வை.

எஸ்க்யூலைட் தன் குறிப்புக் கோப்புக்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ஜர்னல். என் வாத்தியாரின் அதே ழுர்னால்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. டேட்டாபேஸ் முழுவதும் டிஸ்கில் ஒரே ஒரு ஃபைல். அதில் ஒரு பக்கத்தைத் திருத்தப் போகிறது என்றால், திருத்துவதற்கு முன் அந்தப் பக்கம் பழைய நிலையில் எப்படி இருந்ததோ அதை அப்படியே ஜர்னலில் நகல் எடுத்துக்கொள்ளும். நகல் டிஸ்கில் பதிந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அசலைத் தொடும். எல்லாம் முடிந்ததும் ஜர்னலை நீக்கிவிடும். நீக்கிய அந்தக் கணம்தான் பரிவர்த்தனை முடிந்ததற்கு முத்திரை. நடுவில் கரண்ட் போனால்? அடுத்த முறை திறக்கும்போது ஜர்னல் கிடப்பதைப் பார்க்கும். ஓ, பாதியில் நின்றிருக்கிறது என்று புரிந்துகொண்டு பழைய பக்கங்களைத் திரும்ப வைத்துவிடும். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. 2010 முதல் இன்னொரு வழியும் இருக்கிறது. அதில் புதியதைத்தான் தனி ஃபைலில் முதலில் எழுதும், பிறகு சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றும். ப்ரூயாரும் கிராந் லிவ்ரும் போல.

இதை எழுதியவர் ரிச்சர்ட் ஹிப். 2000ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது தொடங்கினார். அங்கே டேட்டாபேஸ் சர்வர் ஒன்று இருந்தது. சர்வர் படுத்துக்கொண்டால் இவர் புரோகிராமும் சேர்ந்து படுத்துக்கொள்ளும், திட்டு மட்டும் இவருக்கு. சர்வரே இல்லாமல் செய்தால் என்ன என்று யோசித்தார். முதல் பதிப்பில் பரிவர்த்தனைப் பாதுகாப்பு இல்லை. 2001ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. இன்று உங்கள் பையில் இருக்கும் போனில், அது ஆண்ட்ராய்டோ ஐபோனோ, எஸ்க்யூலைட் இருக்கிறது. பேரன் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை ஆண்ட்ராய்டு போன் சேமித்து வைப்பது அதில்தான். விலை கிடையாது. பதிப்புரிமையையும் அவர்கள் துறந்துவிட்டார்கள். மூல நிரலின் தலைப்பில் சட்ட எச்சரிக்கைக்குப் பதில் நல்லது செய்யச் சொல்லும் ஒரு வாழ்த்து இருக்கிறது. 2050 வரை பராமரிப்பதாக அறிவித்திருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்துக்கு ஆயுள் வேண்டாமா? நமக்குப் பின்னும் அது திறக்க வேண்டும்.

எதிர்வாதங்களையும் நான் ஒதுக்கவில்லை.

எக்செல் நல்ல பொருள்தான். கூட்டல் போட, அட்டவணை தயாரிக்க, வீட்டு வரவு செலவு பார்க்க நானே வைத்திருக்கிறேன். ஆனால் மூன்று வேலையை ஒரு கட்டாகக் கட்டும் வசதி அதில் இல்லை. மேலும் யார் வேண்டுமானாலும் எந்தக் கட்டத்திலும் எண்ணை மாற்றிவிடலாம், சிவப்பு மை கிடையாது.

சர்வர் டேட்டாபேஸ் இன்னும் பலம் வாய்ந்தது. மறுக்கவில்லை. பத்துப் பேர் பத்து கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நேரத்தில் பதிவு போடும் கம்பெனியாக இருந்தால் நானே போஸ்ட்கிரெஸ்தான் என்பேன். எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அதன் ஃபைலை நெட்வொர்க்கில் பகிர்ந்துகொண்டு பல மெஷினிலிருந்து எழுதுவதும் ஆபத்து என்று அதைச் செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். ஆனால் நம் பட்டறையில் பதிவு போடுவது ஒரே பெண், ஒரே கம்ப்யூட்டர். சர்வர் வைத்தால் அதை யார் பார்ப்பது? பெங்களூர்ப் பையன் சனிக்கிழமைதான் வருவான். செவ்வாய்க்கிழமை சர்வர் எழுந்திருக்காவிட்டால் லாரி வாசலில் நிற்கும். ஒரு குண்டூசி குத்த யாரும் சம்மட்டி எடுப்பதில்லை.

கிளவுடும் அப்படித்தான். இணையம் இருக்கும்வரை சுகம். மழை வந்தால் எங்கள் பக்கம் முதலில் போவது அதுதான்.

கூடவே இருக்கும் வகையில் வேறு பெயர்களும் உண்டு. பெர்க்லி டி.பி. பழைய பெயர், பரிவர்த்தனை தெரிந்தது, ஆனால் 2006ல் ஆரக்கிள் கைக்குப் போனது, பிறகு உரிம நிபந்தனையும் மாறியது. ஃபயர்பேர்டையும் புரோகிராமுக்குள் வைத்து ஓட்டலாம், அதுவும் நம்பகமானதே. பையனுக்கு ஏற்கெனவே கை பழகினது எது, நாளை அவன் வேலை மாறிப் போனால் வேறு யாரும் எளிதில் திறந்து பார்க்கக்கூடியது எது என்று கேட்டேன். எஸ்க்யூலைட் என்றான். அரசு அலுவலகத்தில் பொறுப்பு ஒப்படைக்கும்போது கேட்கிற கேள்விதான் அது.

வெறும் பில்லும் வரவு செலவும் மட்டும் என்றால் கடையில் விற்கும் கணக்கு மென்பொருளே வாங்கிக்கொள்ளலாம், சொந்தமாக எழுதவே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவருக்குத் தேவை பீஸ் கணக்கு, அவர் பட்டறையின் வழக்கப்படி. அதனால்தான் இத்தனை பேச்சு.

ஆனால் நல்ல டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். பையன் முதலில் எழுதிக் காட்டியதைப் பார்த்தேன். செலான் பதிவு ஒரு கட்டளை, பார்ட்டி கணக்கு ஒரு கட்டளை, கையிருப்பு ஒரு கட்டளை. "இந்த மூன்றும் ஒன்று என்று அதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாமதான் சொல்லணும் அங்கிள். சொல்லலேன்னா ஒவ்வொண்ணையும் தனித்தனிப் பரிவர்த்தனையா முடிச்சிடும்" என்றான். அப்படியானால் பழைய தப்பு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது! மூன்றுக்கும் முன்னால் தொடக்கம் என்றும், மூன்றுக்கும் பின்னால் உறுதி என்றும் எழுத வேண்டும். அவன் மொழியில் பிகின், கமிட். நடுவில் ஏதாவது தவறினால் ரோல்பேக், அதாவது எல்லாம் பழையபடி. எந்தெந்த வேலை ஒரே கட்டு என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது, பட்டறையை அறிந்தவர்தான் சொல்ல வேண்டும். அதனால் அந்தப் பெண்ணையே கூப்பிட்டு உட்கார வைத்தோம். "ரிஜெக்ட் பீஸ் போடும்போதும் ரெண்டு இடத்துல மாறும் சார்" என்று அவள்தான் இன்னொரு கட்டைக் காட்டினாள். எங்கள் மூவருக்கும் அது தோன்றவில்லை.

வேறு சில சில்லறை விஷயங்களும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் யாராவது எழுதிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். பணத்தைத் தசமப் புள்ளியோடு வைக்காமல் முழு எண்ணாகப் பைசாவில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டரின் தசமம் சில சமயம் ஒரு பைசாவை விழுங்கிவிடும். இல்லாத பார்ட்டி பெயரில் செலான் ஏறாமல் தடுக்கும் காவல் எஸ்க்யூலைட்டில் உண்டு, ஆனால் அது வழக்கமாக அணைந்தே இருக்கும், நாம்தான் போட வேண்டும். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்தைக்கூட வாங்கிக்கொள்ளும் தாராள மனசும் அதற்கு உண்டு. 2021க்குப் பிந்தைய பதிப்புகளில் கண்டிப்பான அட்டவணை என்று ஒன்று வந்திருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். நகல் எடுக்கும்போது புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கையில் ஃபைலைச் சும்மா இழுத்துப் பென்டிரைவில் போடக் கூடாது. ஜர்னலை விட்டுவிட்டுப் பேரேட்டை மட்டும் எடுத்துப் போவது மாதிரி ஆகிவிடும். அதற்கென்று இருக்கும் நகல் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். கடைசியாக, யு.பி.எஸ். பேட்டரியை மாற்றுங்கள். டிஸ்க் எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னால் எந்த டேட்டாபேஸும் ஒன்றும் செய்ய முடியாது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பழைய கம்ப்யூட்டரில் புது புரோகிராமைப் போட்டுச் சோதித்தோம். அந்தப் பெண் பதிவு போடுவாள், நான் சுவரில் பிளக்கைப் பிடுங்குவேன். எழுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு உத்தியோகம்! இருபது தடவை பிடுங்கினோம். ஒவ்வொரு முறையும் திறந்து மூன்று கணக்கையும் பார்ப்போம். சில முறை மூன்றும் ஏறியிருந்தன. சில முறை ஒன்றும் ஏறவில்லை. ஒரு முறைகூடப் பாதி இல்லை. பதினைந்தாவது தடவைக்கு மேல் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. ஐப்பசிக்குப் பிறகு அன்றுதான் அவள் அங்கே சிரித்துப் பார்த்தேன்.

2012 வாக்கில் தமிழ்நாட்டில் தினம் பல மணி நேரம் கரண்ட் போனது உங்களுக்கு நினைவிருக்கும். எத்தனை பட்டறையில், எத்தனை கடையில், எத்தனை பாதிப் பதிவுகள் விழுந்திருக்கும்? எத்தனை பேர் செய்யாத தப்புக்குச் சம்பளத்தில் கட்டியிருப்பார்கள்? கணக்கு உதைக்கும்போது முதலாளி மீது யாரும் சந்தேகப்படுவதில்லை. மெஷின் மீதும் சந்தேகப்படுவதில்லை. கடைசியாகக் கைவைத்த ஆள் யார் என்றுதான் தேடுகிறோம். அந்த ஆள் பெரும்பாலும் அங்கே குறைந்த சம்பளம் வாங்குகிறவர். அதனால்தான் டேட்டாபேஸ் தேர்வை என்ஜினீயர்களின் விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சின்னக் கடை வைத்திருப்பவர்கள், சங்கத்துக் கணக்கு, கோயில் கணக்கு, சீட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் யாராக இருந்தாலும், புரோகிராம் எழுதித் தருகிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும்?" பதில் சொல்லத் தயங்கினால், பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த 340 ரூபாய்க்காரர் காலத்தில் இதெல்லாம் இல்லை. ஆனால் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் கூட்டிப் பார்க்கும் வசதி அன்றும் இருந்தது. எனக்குக் கூட்டத் தெரியும். நான் கூட்டிப் பார்க்கவில்லை, டிராயரைப் பூட்டினேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கே போவோம். அந்தக் கணக்கு வாத்தியாரின் குடையைப் பற்றி ஒரு கதை இருக்கிறது.